புல்லைத் தேடி ஏறிய சுவர்: கெம்மிக் கணவாயில் ஐந்து நாள்

முதல் நாள், வெள்ளி. லாய்கர்பாட்

சுவிட்சர்லாந்தின் பேர்னில் ஏறிய ரயில் லோட்ஷ்பெர்க் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் காது அடைத்துக்கொண்டது. 2007-ல் திறந்த சுரங்கம், நீளம் 34.6 கிலோமீட்டர். வெளிச்சம் வந்தபோது மலைத்தொடரின் தெற்குப் பக்கத்தில் இருந்தோம். நாங்கள் உட்கார்ந்தபடியே அடியில் கடந்துவிட்ட அதே மலையை நாளை முதல் மேலே ஏறி, வந்த பக்கமே திரும்பப் போகிறோம்.

கூட வருவது பேர்னில் இருக்கும் என் யாழ்ப்பாணத்து நண்பரின் மகள். பிறந்து வளர்ந்ததெல்லாம் பேர்னில்தான். வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ், வெளியே பேர்ன் ஜெர்மன். எனக்கு ஜெர்மன் சுத்தமாகத் தெரியாது. அதனால் இந்தப் பயணத்தில் மற்றவர்கள் சொன்னதாக நான் எழுதுவதெல்லாம் அவள் வழியாக வந்ததுதான்.

லாய்க் நிலையத்தில் இறங்கி, பஸ் பிடித்து, மலைச்சரிவில் வளைந்து வளைந்து ஏறி லாய்கர்பாட் வந்து சேர்ந்தோம். ஊரின் உயரம் 1400 மீட்டர். ரோமர் காலத்திலிருந்தே தெரிந்த வெந்நீர் ஊற்றுகள் இங்கே உண்டு. 51 டிகிரி வரை சூடு, நாளொன்றுக்கு 39 லட்சம் லிட்டர். பழைய காலத்தில் வாதநோய்க்காரர்கள் இந்தத் தண்ணீரில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்களாம். சாப்பாட்டுத் தட்டும் புத்தகமும் மிதக்கும் பலகைகளில் அவர்களிடம் போகும்.

சாயங்காலம் நாங்களும் திறந்தவெளிக் குளத்தில் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்து வடக்கே பார்த்தோம். ஊருக்குப் பின்னால் நேர்செங்குத்தாக ஒரு சுண்ணாம்புப் பாறைச் சுவர். அதன் உச்சிதான் கெம்மிக் கணவாய். நாளைக்கு ஏற வேண்டிய பாதை அந்தச் சுவரில்தான் இருக்கிறது.

“பாதை எங்கை எண்டு காட்டுங்கோ பாப்பம், மாமா” என்றாள்.

அரை மணி நேரம் பார்த்தேன். பாறையும் நிழலும்தான் தெரிந்தன. பாதை கண்ணில் படவே இல்லை.

இரண்டாம் நாள், சனி. சுவரில் ஏறியது

ஆறு மணிக்கே கிளம்பிவிட்டோம். சுவர் தெற்குப் பார்த்தது. வெயில் ஏறிவிட்டால் பாறை அடுப்புக்கல் போல ஆகிவிடும் என்று விடுதியில் சொல்லியிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொண்டோம். பின்னால் வருகிறவர்களும் அப்படியே செய்யுங்கள்.

முதலில் புல்தரை, அப்புறம் கொஞ்சம் மரங்கள். அதுவரை சாதாரண மலைப்பாதைதான். மரங்கள் முடிந்து பாறை தொடங்கும் இடத்தில்தான், நேற்று ஏன் பாதை தெரியவில்லை என்பது புரிந்தது. அது பாறைக்குள்ளேயே குடைந்து போகிறது. சில இடங்களில் தலைக்கு மேல் பாறை கூரையாக நீட்டிக்கொண்டிருக்க, ஒரு பக்கம் மட்டும் திறந்த தாழ்வாரம் போல இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். எந்த வளைவில் நின்றாலும், சற்று முன் நடந்த வளைவு நேர் கீழே, கல்லைப் போட்டால் அதில் விழும் தூரத்தில் இருக்கிறது. அதனால்தான் இங்கே கல்லை எத்திவிடாமல் நடக்க வேண்டும். கீழே ஆள் வந்துகொண்டிருப்பார்கள்.

இந்தப் பாதை 1739 முதல் 1741 வரை வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் டிரோல் பகுதியிலிருந்து வந்த கூலியாட்கள். பாறையை வெடிமருந்து வைத்து உடைத்து, உடைந்த கல்லையே விளிம்பில் அடுக்கிச் சுவர் எழுப்பிக் கோவேறு கழுதை நடக்கும் அகலத்துக்கு வழி செய்தார்கள். அதற்கு முன்பும் மலையைக் கடக்கக் கிழக்கே ஒரு வழி இருந்தது. பழைய கெம்மி என்பார்கள்.

ஒரு வளைவில் பையைக் கழற்றி வைத்துவிட்டு அந்தக் கற்கட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சாந்து கிடையாது. முழங்கை நீளக் கற்களின் தலைப்பக்கம் வெளியே, வால்பக்கம் மலைக்குள்ளே. ஒவ்வொரு வரிசையும் கீழே இருப்பதை விட விரல் கனம் உள்ளே தள்ளியிருக்கிறது, மலையின் மேல் சாய்ந்து நிற்பது போல. இடுக்குகளில் சின்னச் சில்லுகளை அறைந்து ஏற்றியிருக்கிறார்கள். ஒரு சில்லை ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. எங்கள் சிவகங்கைப் பக்கம் கிணற்றுக்குக் கல்கட்டு வைக்கும் கொத்தனார்கள் இதே சில்லைத்தான் தட்டித் தட்டி இறக்குவார்கள். நடுவில் எத்தனை முறை பழுது பார்த்திருப்பார்களோ தெரியாது. பழைய கல் எது, புதுக் கல் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி அதே முறையில் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

பாதை முடிந்த சில வருஷங்களுக்கெல்லாம் பணக்காரச் சுற்றுலாக்காரர்களும் வரத் தொடங்கினார்கள். நடக்க முடியாதவர்களைக் கட்டைகள் பூட்டிய நாற்காலியில் உட்காரவைத்துச் சுமைகாரர்கள் தூக்கிப்போவார்கள். 1861-ல் ஒரு பிரெஞ்சுப் பிரபுவின் மனைவி இறங்கும்போது சேணத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். வழியில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. இந்தப் பாதையில் குதிரை மேல் உட்கார்ந்து இறங்கக் கூடாது என்று பிறகு தடை வந்தது.

தலைக்கு மேல் கேபிள் கார் போய்வந்துகொண்டே இருந்தது. 1957-லிருந்து ஓடுகிறது, சில நிமிடத்தில் மேலே போய்விடலாம். வயதானவர்களும் மூட்டுவலி உள்ளவர்களும் அதில் போவதுதான் சரி. கால் நன்றாக இருப்பவர்கள் ஒருமுறையாவது நடந்து ஏறுங்கள். இறங்குவதற்கு இந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், முழங்கால் தாங்காது.

மூன்று மணி நேரத்தில் உச்சிக்கு வந்தோம். 2300 மீட்டருக்கு மேல். திரும்பிப் பார்த்தால் லாய்கர்பாட் தீப்பெட்டிகளைக் கொட்டியது போலக் கீழே கிடந்தது. தெற்கே ரோன் பள்ளத்தாக்கைத் தாண்டி வைஸ்ஹார்ன், அதற்கு அப்பால் மாட்டர்ஹார்னின் நுனி.

வடக்குப் பக்கம் திரும்பினால் இன்னொரு நாடு. சுவரும் இல்லை, பள்ளமும் இல்லை. மெதுவாகச் சரிந்து போகும் அகலமான கல்மேடு, நடுவே டவுபன் ஏரி. அதைச் சுற்றிப் புல்.

மூன்றாம் நாள், ஞாயிறு. ஆடுகளின் நாள்

ஜூலை மாதக் கடைசி ஞாயிறு டவுபன் ஏரிக்கரையில் இடையர் திருவிழா. 1957-லிருந்து நடக்கிறது. எங்கள் பயணத் தேதியை நான் இதை வைத்துத்தான் முடிவு செய்தேன்.

ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை. உயரம் 2200 மீட்டர். தண்ணீர் உள்ளே வருவது தெரியும், வெளியே போகும் ஓடை கிடையாது. சுண்ணாம்புப் பாறை வெடிப்புகள் வழியாக நிலத்துக்குள்ளேயே போய்விடுகிறது. குளிர்காலத்தில் முழுவதும் உறைந்து கிடக்கும்.

காலையில் முதலில் கேட்டது மணிச் சத்தம், ஆடு கண்ணில் படவில்லை. அப்புறம் மேற்குச் சரிவில் வெள்ளையாக ஒரு கோடு இறங்கியது. கோடு அகலமாகிக்கொண்டே வந்தது. ஏரிக்கரையை ஒட்டி, ஒன்றின் முதுகில் ஒன்று முட்டிக்கொண்டு, எண்ணூறு ஆடுகள் என்றார்கள். வாலிஸ் மாநிலத்துக்கே உரிய கருமூக்குச் செம்மறிகள். முகம் முழுக்க மைக்கறுப்பு, காதும் கறுப்பு, முட்டியில் ஒரு கறுப்புத் திட்டு, மற்றதெல்லாம் நீண்டு தொங்கும் வெள்ளை ரோமம். கிடாவுக்கும் பெட்டைக்கும் முறுக்குக் கொம்பு உண்டு.

மேலே மேயும் ஆடுகள் இவ்வளவு வேகமாக இறங்கி வருவதற்குக் காரணம் உப்பு. மலைப்புல்லில் உப்பு போதாது. தவிட்டில் உப்புக் கலந்து தோல் பையில் கொண்டுவருகிறார்கள் ஆட்டுக்காரர்கள். அந்தக் கலவைக்குக் கிளேக் என்று பெயர். பையின் வாயைத் திறக்கும் முன்பே ஆடுகள் சூழ்ந்துகொள்கின்றன. ஒரு பெண் என் உள்ளங்கையிலும் ஒரு பிடி வைத்தார். வைத்த மறுநொடி ஒரு கறுப்பு மூக்கு வந்து அழுந்தியது. ஆட்டு நாக்கு உப்புத்தாள் போலச் சொரசொரப்பு. தவிடு தீர்ந்த பிறகும் விரலிடுக்கை விடவில்லை, மணிக்கட்டு வரை நக்கியது. ஈர ரோமத்தின் அந்த வாடை. எங்கள் ஊரில் அறுப்பு முடிந்த வயலில் கீதாரிகள் கிடை போட்டிருக்கும்போது, விடிகாலையில் அந்தப் பக்கம் போனால் வரும் அதே வாடைதான். என் தாத்தா எங்கள் வயலுக்குக் கிடை பேச என்னையும் கூட்டிக்கொண்டு போனது அங்கே நின்றபடி நினைவுக்கு வந்தது.

ஒரு பெரியவர் கூட்டத்துக்குள் புகுந்து, குனிந்து குனிந்து பார்த்து, ஒரு பெட்டையைக் கொம்பைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார். காதில் எண் அட்டை இருக்கிறது, ஆனால் அவர் அதைப் பார்க்கவில்லை.

“எப்பிடி அடையாளம் கண்டனீங்கள் எண்டு கேக்கட்டா?” என்று என்னைப் பார்த்துவிட்டு அவளே கேட்டாள்.

இடது கொம்பு காதை ஒட்டி வளைந்து கன்னத்தைத் தொடப் போகிறதாம். அதன் தாய்க்கும் அதே வளைவாம். தாயின் கொம்பு நுனியை அவர் இரண்டு முறை அரத்தால் தேய்த்துவிட்டாராம், இதற்கும் இலையுதிர்காலத்தில் தேய்க்க வேண்டும் என்றார். சொல்லிக்கொண்டே கட்டைவிரலைக் கொம்புக்கும் கன்னத்துக்கும் நடுவே விட்டுப் பார்த்தார். விரல் இன்னும் நுழைந்தது. திருப்தியாகி விட்டுவிட்டார்.

ஆடுகள் ஊருக்கும் இந்த மேட்டுக்கும் ஏறி இறங்குவது நாங்கள் நேற்று ஏறி வந்த பாதையில்தான். அத்தனை ஆடுகளும் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் போவதை இப்போதே மனதில் பார்க்க முடிகிறது. ஓநாயைப் பற்றியும் பேச்சு வந்தது. 1990-களின் நடுவிலிருந்து இத்தாலிப் பக்கமிருந்து ஓநாய்கள் திரும்பி வந்துவிட்டன. காவல் நாய்கள் வளர்க்கிறார்கள், வேலி போடுகிறார்கள். அந்தப் பேச்சு வந்ததும் எல்லோர் குரலும் தாழ்ந்துவிட்டது. மேலே கேட்க எனக்கு மனம் வரவில்லை.

மதியம் ராக்லெட் சாப்பிட்டோம். வாலிஸ்காரர்களின் சாப்பாடு. அரைவட்டப் பாலாடைக்கட்டியைத் தணல் முன் காட்டி, உருகியதை வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் வழித்துப் போடுகிறார்கள். பிறகு ஏரியை ஒட்டி ஒரு மணி நேரம் நடந்து ஷ்வாரன்பாக் மலைவிடுதி வந்தோம். 1742-ல் சுங்கச்சாவடியாகக் கட்டிய இடம். பாதை முடிந்த மறு வருஷம். வழி திறந்ததும் வரி வசூலிக்கக் கட்டடம் வந்துவிட்டது.

நான்காம் நாள், திங்கள். ஷ்பிட்டல்மட்டே

இதை எழுதுவதற்கு முன் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஷ்வாரன்பாக்கிலிருந்து இறங்கினால் அகலமான, கிட்டத்தட்டச் சமதளமான புல்வெளி வருகிறது. அதுதான் ஷ்பிட்டல்மட்டே. ஷ்பிட்டல் என்பது பழைய காலத்து வழிப்போக்கர் சத்திரம், மட்டே என்றால் புல்வெளி. சத்திரத்துப் புல்வெளி என்று நம் வாயில் சொல்லிக்கொள்ளலாம். ஓரங்களில் அல்பன்ரோஸ் பூத்திருந்தது. நீலகிரியில் காட்டுப் பூவரசு என்கிறோமே, அதன் குட்டையான தங்கச்சி.

இங்கே ஒரு சொல்லை விளக்க வேண்டும். ஆல்ப்ஸ் என்றால் நமக்குப் பனிச்சிகரம். இந்த ஊர்க்காரர்களுக்கு ஆல்ப் என்றால் கோடைகால மேய்ச்சல் நிலம். ‘மாடு ஆல்ப்பில் இருக்கிறது’ என்பது அன்றாடப் பேச்சு. கோடையில் மாடுகளை மேலே அனுப்பினால்தான் கீழ்ப்பள்ளத்தாக்கின் புல்லை அறுத்து உலர்த்திக் குளிர்காலத்துக்குச் சேர்த்து வைக்க முடியும். அந்தக் காய்ந்த புல் இல்லாவிட்டால் குளிர்காலத்தில் மாட்டைக் காப்பாற்ற வழியில்லை. அதனால் மேலே இருக்கும் புல்லை நன்செய் போலக் கணக்குப் பண்ணிப் பங்கு வைத்திருக்கிறார்கள். ஒரு பசு 100 நாள் மேயும் புல் என்பது இன்றைக்கும் அரசாங்கக் கணக்கில் ஓர் அளவு.

பாதையோரம் மாடுகளுக்கு வேலி சரிசெய்துகொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். அவளுக்கு ஒரு சந்தேகம் காலையிலிருந்தே இருந்தது. வரைபடத்தில் வாலிஸ் மாநிலத்தின் எல்லை கணவாய் உச்சியில் இல்லை. உச்சியைத் தாண்டி, ஏரியைத் தாண்டி, ஷ்வாரன்பாக்கையும் தாண்டி வடக்கே இறங்கி வந்து இந்தப் புல்வெளி முடிகிற இடத்தில்தான் பேர்ன் மாநிலம் தொடங்குகிறது.

“தண்ணி எல்லாம் பேர்ன் பக்கம்தானே ஓடுது, மாமா. பிறகேன் புல் மட்டும் வாலிஸ்காரருக்கு?” என்று என்னிடம் கேட்டுவிட்டு அவரிடமும் கேட்டாள்.

அவர் கம்பியை முறுக்கி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். தெற்கே லாய்க் பக்கத்து ஜனங்கள்தான் காலங்காலமாக இங்கே மாடு மேய்த்தார்கள், எல்லை போட வந்தவர்கள் மாடு நின்ற இடத்தைப் பார்த்துப் போட்டார்கள் என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். ஆனால் முந்தாநாள் ஏறிய சுவர் எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. அதன் மறுபக்கம் அவர்களுடைய புல் இருந்தது.

புல்வெளிக்குக் கிழக்கே ஆல்டெல்ஸ் சிகரம், 3629 மீட்டர். அதன் பக்கத்தில் ரின்டர்ஹார்ன், அதாவது மாட்டுக்கொம்பு. ஆல்டெல்ஸின் இந்தப் பக்கம் வழவழப்பான ஒற்றைப் பாறைச் சரிவு, கூரை போல. ஒரு காலத்தில் அந்தக் கூரை மேல் பனியாறு ஒட்டிக்கொண்டிருந்தது.

1895 செப்டம்பர் 11, விடியற்காலை ஐந்து மணி வாக்கில் அந்தப் பனியாற்றின் பெரும் பகுதி அறுந்து சரிந்தது. 40 லட்சம் கன மீட்டருக்கு மேல் பனிக்கட்டி. அது இந்தப் புல்வெளியை நொடியில் கடந்து, எதிர் மலைச்சரிவில் பல நூறு மீட்டர் ஏறி, திரும்பி விழுந்தது. முன்னால் ஓடிய காற்றே மாடுகளைத் தூக்கி எறிந்தது. ஆறு பேர் இறந்தார்கள், ஏறக்குறைய 170 மாடுகள் செத்தன. பால் கறக்க எழும் நேரம். மேய்ச்சல் பருவம் முடிந்து ஊருக்குத் திரும்ப வேண்டிய மாதம். ஆல்பர்ட் ஹைம் என்ற சுவிஸ் நிலவியலாளர் இந்தச் சரிவை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அதற்கு முன்பு 1782-லும் இதே சிகரத்திலிருந்து பனி சரிந்து ஆளும் மாடும் போயிருக்கின்றன. அதற்குப் பிறகும் இங்கே மாடு ஓட்டி வந்தார்கள். 1895-க்குப் பிறகும் வந்தார்கள். இன்று காலையும் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

ஆல்டெல்ஸுக்குக் கிழக்கே, பால்ம்ஹார்னைத் தாண்டினால் லோட்ஷன் பள்ளத்தாக்கு. 2025 மே 28-ல் அங்கே ஒரு பனியாறு இடிந்து பிளாட்டன் கிராமத்தின் பெரும் பகுதியை மூடியது. அங்கே மட்டும் ஒன்று வேறாக நடந்தது. மலை அசைவதை முன்பே கருவிகள் வைத்துக் கவனித்து, ஊரிலிருந்த 300 பேரையும் ஒன்பது நாள் முன்பே வெளியேற்றியிருந்தார்கள். மாடுகளையும் கொண்டுபோனார்கள். நடக்க முடியாத ஒரு பசுவை ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கினார்கள். அப்படியும் ஆடு வளர்த்த ஒருவர் இறந்தார்.

வேலிக்காரர் ஆல்டெல்ஸை நிமிர்ந்து பார்த்ததை நான் ஒரு தடவைகூடக் கவனிக்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு சுன்பூல், அங்கிருந்து கான்டர்ஷ்டேக் வரை செங்குத்தான காட்டு இறக்கம். 700 மீட்டருக்கு மேல். கைத்தடி இரண்டும் உதவின. இடது முழங்கால் வலிக்கிறது, தைலம் தேய்த்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஐந்தாம் நாள், செவ்வாய். யூஷினன் பள்ளத்தாக்கு

முழங்கால் கொஞ்சம் தேவலை. கான்டர்ஷ்டேக்குக்கு மேலே இருக்கும் யூஷினன் பள்ளத்தாக்குக்கு மெதுவாக ஏறினோம். இங்கே சிவப்பும் வெள்ளையுமான சிமென்டால் மாடுகள். ஒரு குடிலில் பாலாடைக்கட்டி செய்யும் அம்மா, செருப்பைக் கழுவிவிட்டு உள்ளே வரச் சொன்னார்.

விறகடுப்பில் பெரிய செப்புக் கொப்பரை. நேற்று மாலைப் பாலும் இன்று காலைப் பாலும் கலந்து, 32 டிகிரியில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியை விட்டு உறைய வைக்கிறார். தயிர் போலத்தான் உறைகிறது, ஆனால் புளிப்பில்லாமல். கம்பிகள் கட்டிய யாழ் போன்ற ஒரு சட்டத்தால் அதை அறுக்க அறுக்க முத்துமுத்தாக உடைகிறது. அப்புறம் கிளறிக்கொண்டே 50 டிகிரிக்கு மேல் சூடேற்றுகிறார். வெப்பமானி பக்கத்திலேயே தொங்கினாலும், முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளி அழுத்தி, விரித்து, கட்டைவிரலால் உதிர்த்துப் பார்த்தார். உதிரவில்லை, ஒட்டியது. இன்னொரு விறகு வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. இப்போது மணல்போல உதிர்ந்தது. உடனே துணியின் ஓரத்தை வளைகம்பியில் சுற்றிக் கொப்பரையின் அடிவரை விட்டு, மொத்தத்தையும் மூட்டையாக வாரித் தூக்கினார். வடிந்த மோர்த்தண்ணீர் பன்றிகளுக்கு.

பின்னறையில் மரத்தட்டுகளில் வட்டு வட்டாக அடுக்கியிருந்தது. தினமும் ஒவ்வொன்றையும் உப்புத்தண்ணீரால் துடைத்துத் திருப்பிப் போட வேண்டும். சில மாதத்தில் சாப்பிடலாம். ஒன்றரை வருஷத்துக்கு மேல் வைத்தால் இறுகி, சீவிச் சாப்பிடும் கட்டியாகிவிடும். அதில் ஒரு சுருள் கொடுத்தார். முதலில் உப்பு, பிறகு வறுத்த நிலக்கடலை போல ஒரு ருசி, கடைசியில் நாக்கில் புல்வாசம். கால் கிலோ வாங்கினேன்.

சுவிட்சர்லாந்தின் இந்த மலைமேய்ச்சல் பருவத்தை 2023-ல் யுனெஸ்கோ மானுட மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டோம். நல்ல விஷயம்தான், ஆனால் கோடையில் நூறு நாள் மேலே தங்கி வேலை செய்ய ஆள் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது என்றார். ஐந்து மணிக்கு முன்னால் எழுந்து கறவை, அப்புறம் கொப்பரை, வேலி, சாணம், மறுபடி கறவை. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது.

நாலரை மணிக்கு மாடுகள் தாமாகவே தொழுவத்து வாசலில் வந்து நின்றன. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, சுவரில் தொங்கிய பலகையை எடுத்து அன்றைய வட்டுகளின் எண்ணிக்கையைச் சாக்கட்டியால் எழுதினார். நான்கு. பிறகு பால் கறக்க உட்காரும் ஒற்றைக்கால் மணையை இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே போனார். வழியை மறித்து நின்ற பசுவை முதுகில் தட்டி நகர்த்திவிட்டு, எங்களுக்கும் அதே கையால் போய்வரச் சொன்னார்.